டேங்க் காலி

ஏப்ரல் இருபத்தேழு என்று தேதி போட்டு
நான்தான் எழுதி ஒட்டினேன் அந்த டேப்பை:
"டேங்க் காலி. ஆயில் மாற்றியாயிற்று."
இரண்டும் பொய்.

அன்றைக்கு லாரியம் ஊரில் முதல் வெயில்.
கூரையோரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.
அரை டேங்க் பெட்ரோலை இறக்க
ஒரு ரப்பர் குழாயும் ஒரு மணி நேரமும் வேண்டும்.
என்னிடம் குழாய் இருந்தது.

பனியை வாரி வீசும் இந்த எந்திரம்
பாதி என்னுடையது,
பாதி லெஸ் பெர்ட்டுலாவுடையது.
ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.
வாங்கிய அன்றே பேசிக்கொண்டோம்:
ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர்,
பெட்ரோலும் கோடைக்கு மூடி வைப்பதும் நான்.

நவம்பர் ஒன்பது. விடிவதற்குள் பதினாலு அங்குலம்,
ஏரிப் பக்கமிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.
ஐந்தரைக்கு நான் பள்ளிச் சமையலறையில் நிற்க வேண்டும்,
முந்நூறு பிள்ளைகளுக்கு ஓட்ஸ் கஞ்சி.
கொட்டகையில் கயிறு இழுபடும் சத்தம்
சுவர் வழியே வருகிறது.
இழுப்பு. ஒரு இருமல். ஒன்றுமில்லை.
இழுப்பு.
இழுப்பு.
பதினொன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டு
பூட்ஸை மாட்டினேன்.

நெற்றியில் விளக்கோடு மண்டியிட்டிருந்தார் லெஸ்.
ஸ்பார்க் பிளக் கழன்று அவர் உள்ளங்கையில்,
உலர்ந்து, சாம்பல் பூத்து.
"பொறி வருது, டார்லீன். பெட்ரோல்தான் வரலை."
சோக் சரி. குழாய் திறந்திருக்கிறது.
எலி கூடு கட்டியிருக்கிறதா என்று
உறைக்குள் விரல் விட்டுத் துழாவினார்.
அந்த எலிக்காக நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.
எலி இல்லை.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார்.
கஷாய நிறத்தில் ஒரு மடக்கு,
அடியில் பச்சையாய்ப் படிந்த பிசின்,
கொட்டகை முழுக்கப் பழைய வார்னிஷ் வாடை.
மயிரிழை கனமே உள்ள துளை அடைத்திருந்தது.
வாசிக்கத் தெரியாத கிட்டாரின் அறுந்த கம்பியை விட்டு
குத்தினார், ஊதினார், விளக்குக்கு நேரே பிடித்தார்,
மறுபடி குத்தினார்.

அப்போதுதான் பார்த்தேன்.
அவர் காலடியில் புதுப் பெட்ரோல் கேன்,
விளிம்பு வரை அப்படியே.
ஊற்றுவதற்கு மூடியைத் திறந்திருக்கிறார்.
உள்ளே பார்த்திருக்கிறார்.
பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்.
அதற்குப் பிறகு இழுத்த இழுப்பெல்லாம்
என் எழுத்தை ஒருவேளை நம்ப முடியுமா என்று.

"லெஸ்," என்றேன்.
"அந்தக் குழாயைக் கொடு," என்றார்.
கொடுத்தேன். புதுக் குழாய்,
விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
நீலப் புகை. பிறகு அந்த முரட்டுக் குரல்.
வளைந்த குழலிலிருந்து பனி எழும்பி
விளக்குக் கம்பத்துக்கு மேலே போய் விழுந்தது.
சாலை வண்டி ஒதுக்கிவிட்டுப் போன கரை வரைக்கும்
போய்விட்டார். அங்கே
டக்.
ஒரு பக்கத் திருகு நின்றுவிட்டது.

எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி,
எல்லாம் அடங்கியபின் குச்சியால் நெம்பினார்.
ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள்,
பாலித்தீன் உறையோடு, செங்கல்லாய் உறைந்து.
அவருடைய வாசலில் விழுந்தது,
அவர் எடுக்காதது.

கியர் பெட்டி நொறுங்காமலிருக்க
தான் முதலில் முறியவென்றே செய்த ஆணி,
ஒரு டாலர்கூட இல்லை.
பனியில் கிடந்த அதன் பாதியை எடுத்துப் பார்த்து
லெஸ் சிரித்தார்.
அல்லது குளிரில் பல் தெரிந்தது.

காப்பி டின்னில் நாலு ஆணி வைத்திருந்தேன்.
அதை மட்டும் ஒழுங்காக வாங்கி வைத்திருந்தேன்.
ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

கஞ்சி அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதம்,
அடிப்பிடித்தும் போயிற்று.
சாயங்காலம் டேப்பை உரிக்கப் பார்த்தேன்.
டேப்போடு சேர்ந்து
ஆரஞ்சு வண்ணமும் உரிந்து வந்தது.
பாதியில் விட்டுவிட்டேன்.
"காலி" என்பது மட்டும் இன்னும் இருக்கிறது.