இழுப்பு நின்ற பின்

மாளிகாவத்தை மாடிவீடு.
லிப்ட் போன வெசாக்கோடு செத்துப் போனது.
எட்டாம் மாடி.
ஒட்சிசன் உருளை என் தோளில்,
பை உபுலின் கையில்.
ஆறாம் மாடியிலேயே கேட்டது அவளது இழுப்பு,
ஈரச் சாக்கைச் சீமெந்தில் இழுத்துக்கொண்டு போவது போல.

பௌமியா. முப்பத்திநாலு வயது.
தையல் மெசினில் இரண்டு கையும் ஊன்றிக் குனிந்திருந்தாள்.
காலடியில் பொத்தான் வைக்காத பள்ளிச் சட்டைகள்.
எப்போது தொடங்கியது என்றேன்.
"அசர்" என்றாள். மூச்செடுத்தாள்.
அடுத்த சொல்லுக்குக் காற்று மிஞ்சவில்லை.

முகமூடி போட்டேன். மருந்து புகையாய்ச் சுழன்றது.
மூச்சு முப்பத்தெட்டு,
ஒட்சிசன் எண்பத்தேழு.
எண்பத்தேழோடு எத்தனையோ இரவு ஓடியிருக்கிறேன்,
ஆமர் வீதிச் சந்தியின் சிவப்பைக் கடந்து.
பெரியாஸ்பத்திரி ஏழு நிமிஷம்.
மழை என்றால் பத்து.
ஏழு நிமிஷம் ஒரு திமிர்,
கிட்ட இருக்கிறவனுக்கு வருகிற திமிர்.
அந்த ஏழும் தரையிலிருந்து எண்ணியது
என்பதை நான் எண்ணவில்லை.

பிறகு இழுப்பு நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ், லேசாயிட்டு" என்றார்
அடுத்த வீட்டு மர்லியா.
நிஸ்தார் அப்போதுதான் கதிரையில் இருந்தார்,
மனைவியின் செருப்பைக் கையில் பிடித்தபடி.
யாரோ பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்தார்கள்.
மூச்சு இருபத்திரண்டு.
கொஞ்சத்தில் பதினாறு.
கடதாசியில் பதினாறு நல்ல எண்.

நெஞ்சில் குழாயை வைத்தேன்.
வலது. இடது. முதுகு.
ஒன்றுமில்லை.
போயா நாளில் கெய்சர் வீதி,
கதவெல்லாம் இறக்கி,
ஒரு நாட்டாமைகூட இல்லாமல்.
அவள் கண்கள் மட்டும் என்னை விடவில்லை,
பிறகு அவையும் மெல்ல விட்டன.

"கதா கரன்னத?" என்றான் உபுல்,
வோக்கியைக் கையில் வைத்துக்கொண்டு.

புளூமெண்டல் வீதியில் ஒரு லொறிச் சாரதி.
அன்றைக்கும் இதே கேள்வியை இவன் கேட்டான்.
சமாளிப்போம் என்றேன்.
பெரிய வண்டிக்காரர் வந்து பார்த்து
"இதுக்கா கூப்பிட்டீங்க" என்று
கையுறையைக் கழற்றுகிற அந்த விதம் எனக்குப் பிடிக்காது.
அந்தப் பிடிக்காமையின் விலையை
நான் கொடுக்கவில்லை.
அவரது மூத்த மகன் கொடுத்தான்,
பள்ளிக்கூடத்தை விட்டு
அதே லொறியில் ஏறி.

"கேள்" என்றேன்.

காரணம் கேட்டது கட்டுப்பாட்டறை.
இழுப்பு நின்றுவிட்டது என்றேன்.
இரண்டு மூச்சளவு அமைதி.
பிறகு விசைகள் தட்டுப்படும் சத்தம், வேகமாக.

கதிரையில் கட்டி இறக்கினோம்.
ஏழாம் மாடி. ஆறு. ஐந்தில் என் கால் வழுக்கியது.
அவள் மூச்சை மறந்த இடங்களில்
பையை அமுக்கி நான் மூச்சானேன்.
கல் போல இறுகிய நெஞ்சு, என் காற்றையும் ஏற்கவில்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்
கீழேயிருந்து ஓடி வந்தாள் மிஹிரி.
யாருடையவோ கறிவேப்பிலைச் சாடிக்கும்
ஒற்றைச் சைக்கிளுக்கும் நடுவே
மண்டியிட்டுத் தொடையில் ஊசி ஏற்றினாள்,
கையில் நரம்பு தேடினாள்.
எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்கவேயில்லை.
"வெளிச்சம் பிடி" என்றாள்.
பிடித்தேன்.

எவ்வளவு நேரமோ.
குழாயில் ஒரு நூல்.
யாரோ தூரத்தில், மிகத் தூரத்தில்
விசில் பழகுவது போல.
பிறகு ஈரச் சாக்கு.

"திரும்ப வந்துட்டே, திரும்ப வந்துட்டே" என்று
படியில் தலையில் அடித்துக்கொண்டார் நிஸ்தார்.
அவருக்கு எதைச் சொல்வேன்?
அந்தக் கேவலமான சத்தத்துக்கு
என் காது முழுவதையும் திறந்து வைத்திருந்தேன்.

விடிய, மருதானைப் பெற்றோல் நிலையத்தில்
வண்டி கழுவினோம்.
அவள் மூன்றாம் வார்டில் இருப்பதாகத் தகவல்.
படிவத்தில் காரணம் எழுத அரை அங்குலக் கட்டம்.
எண்களை எழுதினேன். எல்லாம் உண்மையான எண்கள்.
பதினாறில் பேனை கொஞ்சம் நின்றது.

"முதலாம் மாடி என்றால்
கேட்டிருப்பாயா?" என்றான் உபுல்,
குழாயைத் திருகிக்கொண்டே.

தண்ணீர் நின்ற பிறகும்
நான் பதில் சொல்லவில்லை.