தலைகீழ்ச் சோதனை

இருபத்துநாலு குழி. ஒவ்வொன்றும்
ஒரு பன்னீர் சோடாவின் இடுப்பளவு,
கூட ஒன்றரை மில்லிமீட்டர்,
பெருந்துறை வெயிலில் பிளாஸ்டிக் மூச்சுவிட.

எட்டு அடுக்கு. அடிப்பெட்டி முனகக்கூடாது.
இருநூறு நடை லாரியில் போய்த் திரும்பணும்
என்று வரைந்து கொடுத்தேன்.

போனது ஆயிரம். வந்தது அறுநூற்றுச் சொச்சம்.

மீதியைத் தேடிக் காங்கயம் ரோட்டில் போனால்
பேக்கரி வாசலில் கவிழ்ந்திருக்கிறது என் டிசைன்;
மேலே மாட்டுத் தரகர் ராக்கியண்ணன்,
கையில் டீ.

"பொட்டி உங்களுதுங்களா?
உக்காந்தா லேசா ஆடுதுங்க."

சண்டைக்குத்தான் போனேன்.
குனிந்து பார்த்தேன்:
மூலை விலா மெலிசு.

ஏழாவது வரைபடம்.
சோதனைப் பட்டியலின் கடைசியில் புதிதாய் ஒரு வரி:
தலைகீழாக, தொண்ணூறு கிலோ,
ஒரு டீ குடிக்கும் நேரம்.