ஊக்கு

பலகை வந்திருக்கிறது,
பாளையங்கோட்டையிலிருந்து, மினிலாரியில், வைக்கோல் சுற்றி.
தேக்கு. தங்க நிறத்தில் எழுத்து:
பாரம்பரிய அறிவியல் இடம்.
இறக்கிய மகராசன் கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்க்கிறான்:
நாலு இஞ்சு ஆணி, எட்டுத் துளை,
அரை மணி நேர வேலை.

தம்பி, இந்தச் சுவருக்குள் இரும்பு போனதில்லை.

சுண்ணாம்புக் கல். பனங்கைக் கூரை.
கதவுக்குப் பித்தளைக் கீல்.
உத்திரத்துக்கு அடித்த செம்பாணி அத்தனையும்
வாகைக்குளத்துக் கன்னார் கொடுத்தவை.
சைக்கிள் புளியமரத்தோடு நின்றுவிடும்.
சாவிக்கொத்து, பெல்ட், வெற்றிலை வெட்டும் கத்தி
வாசல் மண்சட்டியில் கிடக்கும்.
நரிப்பொத்தை அடிவாரத்தில் இந்த ஒரு வீட்டுக்குத்தான்
திருடன் வந்தாலும் வெறுங்கையோடு வரவேண்டும்.

உள்ளே இருட்டில்
இழையில் ஒரு காந்தம் தொங்கும்.
அதன் கண்ணாடியில் பட்ட வெளிச்சப் புள்ளி
படத்தாளில் நாளெல்லாம் ஒரு கோடு இழுக்கும்.
உச்சி வெயிலில் கோடு எழும்பும்.
நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டரில்
வெயில் ஓட்டுகிற மின்சார ஆறு,
மேற்கேயிருந்து கிழக்கே,
தாமிரபரணி போகிற அதே திசையில்.

மணிக்கு மணி ஸ்கேல் வைத்து
அந்தக் கோட்டை எண்ணாக்குகிறவள் நான்,
ஆவுடையம்மாள், தினக்கூலி.

அந்தத் தை மாதம்
மூன்று மணிக்கு மேல் கோடு சரிந்தது.
சரிந்து, ராத்திரிக் கோட்டுக்கும் கீழே போனது.
ஞானாபரணம் சார் தாளைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
சேலையில் ஊக்கு இருக்கா?

இருந்தது. தோளில், ஒன்று.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது.
மறுநாள் ஊக்கில்லாமல் வந்தேன்,
நாங்குநேரி ரோட்டுக் காற்றில்
முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு.
கோடு சரிந்தது.
கொண்டை ஊசியை எடுத்தேன். சரிந்தது.
ஜாக்கெட் கொக்கிகளை வெட்டிப்போட்டு
நாடா தைத்து முடிந்துகொண்டேன்.
அதை அவரிடம் சொல்ல முடியாது. சொல்லவில்லை.
சரிந்தது.

ஐந்தாம் நாள் லீவு கேட்டேன்.
மூலைக்கரைப்பட்டியில், வீட்டுக்குள்,
உடம்பில் எங்கெல்லாம் இரும்பு இருக்கும் என்று
யோசித்தபடி படுத்துக் கிடந்தேன்.
ரத்தத்தில் இருக்கிறதாமே.

நான் இல்லாத அன்றைக்கும் கோடு சரிந்தது.

அப்புறம்தான் அவர் அண்ணாந்து பார்த்தார்.
சில மாலைகளில்
வானத்து ஆறு திரும்பி ஓடுகிறது என்று
ஏழு பக்கம் எழுதினார்.
மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை.
ஃபைலில் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

பலகையில் வருஷம் இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறது,
'இதே இடத்தில்' என்று இருக்கிறது.
இதே இடம் எது?
ஊசி எந்தப் பக்கமும் தலை சாய்க்காத கோடு
அன்று நம் ஊர் வழியாகப் போனது.
வருஷத்துக்குக் கொஞ்சமாய்த் தெற்கே நகர்ந்து
இப்போது எங்கேயோ போய்விட்டது.
ரயிலுக்குக் கரண்ட் வந்த பிறகு
கருவியையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

மகராசன் கேட்கிறான்:
ஊசிதான் இல்லையேம்மா,
இனிமே இரும்பு அடிச்சா என்ன?

நியாயமான கேள்வி.
பதில் தேடினேன், கிடைக்கவில்லை.
அவனை உட்காரச் சொல்லிவிட்டு
பஸ் ஏறி ஜங்ஷன் போய்
பித்தளைத் திருகு எட்டு வாங்கி வந்தேன்.
கைக்காசு. பில் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் தணிந்திருந்தது.
என் முகத்தைப் பார்த்தானோ, சட்டியைப் பார்த்தானோ,
சாவியைப் போட்டான். பெல்ட்டையும் கழற்றிப் போட்டான்.
நழுவும் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
மறுகையால் திருகினான்,
என் செப்புக்காசு ஒன்றின் விளிம்பால்.

பலகை கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கிறது.
சரி பண்ணட்டுமா என்றான்.
இருக்கட்டும்டா,
கோடும் அந்தப் பக்கம்தான் போனது.