ஜூரி எண் ஐந்து

கிழக்கு டெக்சாஸில் எங்கள் ஊர்
வரைபடத்தை மடித்தால் மடிப்புக்குள் போய்விடும்.
பைன் மரங்கள். இரண்டு பெட்ரோல் பங்க்.
வெள்ளிக்கிழமைகளில் கெளுத்தி மீன் வறுக்கும் ஒரு கடை.
ஆனாலும் எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியிடம் எதைத் திருடினாலும்
வழக்கு இங்கே வந்துதான் இறங்குகிறது.
ஏன் என்று கேட்டால் வக்கீல்கள்
வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

என் பெயர் வெர்லீன் டப்ஸ்.
மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் வெளுப்பவள்.
கறையைப் பார்த்ததும் பெயர் சொல்வேன்:
இரத்தம், அயோடின், பீச் ஜாம்.
இந்த வழக்கில் இருப்பது என்ன கறை என்றுதான்
ஒன்பது நாளாகப் பிடிபடவில்லை.

வழக்கு ஒரு கதவைப் பற்றியது.
வருகிறவர் முகம் பார்த்துத் தானே திறக்கும் கதவு.
நாங்கள் கண்டுபிடித்தது என்கிறது டென்வர் கம்பெனி.
இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்கிறது சியாட்டில் கம்பெனி.
அப்படியானால் போன வருடம்
'மனித வரலாற்றில் முதன்முறையாக' என்று
முழுப்பக்கம் விளம்பரம் கொடுத்தது யார்?
கேட்க முடியாது.
ஜூரிக்குக் காது மட்டுமே, நாளொன்றுக்கு ஐம்பது டாலர்.
நிபுணருக்கு வாய், மணிக்கு எழுநூறு.

மதிய இடைவேளையில் ஓடெல் கிரென்ஷா
(எண் இரண்டு, டிராக்டர் மெக்கானிக்)
சாண்ட்விச்சைப் பிரித்தபடி சொன்னான்:
"வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது, தெரியும்.
என் நாயைப் பற்றிப் பேசலாம் இல்லையா?
படியேறும் காலடியிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளும்.
கடன் வாங்கிய மைத்துனன் வந்தால் மட்டும்
தூங்குவதாக நடிக்கும்.
நாயின் மேல் யாரும் வழக்குப் போட்டுவிடாதீர்கள்."
யாரும் பதில் சொல்லவில்லை.
எண் ஏழுக்கு மட்டும் புரையேறியது.

பத்தாம் நாள் கதவையே கொண்டுவந்தார்கள்.
சட்டத்தோடு, சக்கரம் வைத்து,
சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில்.
சியாட்டில் தலைவரே நடந்து வந்தார்.
எங்களுக்காக முந்தின இரவு
தாடியை மழித்துக்கொண்டிருந்தார் போலும்.
கதவு பார்த்தது.
மறுபடி பார்த்தது.
'வணக்கம், விருந்தினரே. காத்திருக்கவும்.'

நீதிபதி சிரிக்கவில்லை. குடித்த தண்ணீரை
விழுங்க மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் கதவு வேலை செய்கிறதா என்பது
எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இல்லை.
திறக்காத கதவை
முதலில் காகிதத்தில் எழுதியது யார்?
அதுதான் கேள்வி.
டென்வர் என்று எழுதினோம்.
முப்பத்தொரு கோடி டாலர் என்று எழுதினோம்.
அந்தப் பூஜ்யங்களைப் போட்டது நான்தான்,
எண் ஏழின் கண்ணாடி உடைந்திருந்ததால்.

மறுநாள் 'வரலாற்றுத் தீர்ப்பு' என்றது தொலைக்காட்சி.
என் பின்தலை இரண்டு விநாடி வந்தது.
பிறகு நீதிபதி குறைத்தார். மேல்முறையீடு இன்னும் குறைத்தது.
கழுதை தேய்ந்து கட்டெறும்பானபோது
கட்டெறும்பை ஓர் உறையில் போட்டு
'தொகை வெளியிடப்படவில்லை' என்று ஒட்டிவிட்டார்கள்.
வசந்தத்தில் இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டன.
புதுப்பெயர், பழைய தாடி.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள்.
எனக்கு வயது ஐம்பத்தெட்டு. மணியோசை நிறையக் கேட்டாயிற்று.
யானை வந்தால் சொல்லுங்கள்,
அதற்கும் விரிப்பு வெளுக்க வேண்டியிருக்கும்.

போன செவ்வாய் எங்கள் சலவைக் கூடத்தில்
அந்தக் கதவைப் பொருத்தினார்கள்.
இரண்டு கை நிறைய ஈரத் துணியோடு நின்றேன்.
நிமிர்ந்து பார்க்கச் சொன்னது. பார்த்தேன்.
சிரிக்க வேண்டாம் என்றது.
நான் சிரிக்கவே இல்லை, என் முகமே அப்படித்தான்.
'வணக்கம், விருந்தினரே.'

இருபத்திரண்டு வருடம் இங்கே.
இடுப்பால் ஒரு தள்ளு.
திறந்துகொண்டது.
இதை யாராவது முன்பே
காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்துவிட்டுத்தான்
உள்ளே போனேன்.