இருநூற்றுப் பதினோராம் நாள்

சும்மா இருக்கிறோமாம்.
பெல்ஃபாஸ்ட் நாளிதழ் எங்கள் தொண்ணூறு முகங்களையும்
தபால்தலை அளவில் அச்சடித்து
ஒவ்வொன்றின் கீழும் சம்பளத்தைப் போட்டிருந்தது.
மூன்றாம் வரிசையில் நான்,
கேமரா சிமிட்டிய நொடியில் கண் மூடியபடி.
ரொட்டிக்கடையில் அதை விரித்து வைத்து
"தூங்குவது நீதானே, ப்ரோனா?" என்றார் கடைக்காரர்.
நான்தான்.
ஆறு சோடா ரொட்டி கொடுங்கள்.

காலையில் டெஸ்ஸி கீனனின் உதவித்தொகைப் படிவம்,
நாற்பது பக்கம்.
உதவியின்றி எத்தனை மீட்டர் நடப்பீர்கள்?
எந்த நாளில் என்று அவர் திருப்பிக் கேட்டார்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
நல்ல நாளில் தபால்பெட்டி வரை.
மற்ற நாளில் கட்டிலின் விளிம்பு வரை.
சட்டம் எழுதப் போனவள்
படிவங்களின் ஓரத்தில்
பொடி எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு சாவு வீடு.
தேநீர், முட்டை சாண்ட்விச்.
தலைமாட்டில் நின்ற ஒருவர் என் காதோரம் வந்தார்:
இடுப்பு அறுவைக்கு நாலு வருடமாக வரிசையில் நிற்கிறேன்,
அமைச்சர் என்ன சொல்கிறார்?
அமைச்சரே இல்லை என்றேன்.
அவர் சவப்பெட்டியை ஒருமுறை பார்த்தார்,
முந்திக்கொண்டவனைப் பார்ப்பதுபோல.

மில் சாலை மதகுக்கு வருகிறேன்.
நான் எழுதிய கடிதம் ஒன்பது.
வந்த பதில் ஒன்பது.
ஒன்பதிலும் ஒரே வரி:
அமைச்சர் பொறுப்பேற்றதும் பரிசீலிக்கப்படும்.
செவ்வாய் இரவு மழைக்கு இந்த விவரம் தெரியாது.

போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது
முழங்கால் நீரில் ஏற்கெனவே ஒருவர்.
எதிர்வரிசை ஆர்னல்ட் கில்ஃபில்லன்.
பதினோரு வருடத்தில் அவரும் நானும்
ஒரே பக்கம் வாக்களித்தது ஒரே தடவை,
நாய்க்குட்டி விற்பனை பற்றி.
"டார்ச்சைப் பிடியுங்கள்" என்றார்.
அவைத்தலைவர் வழியாக இல்லாமல்
நேராக என்னிடம் அவர் பேசியது
அதுதான் முதல்.

வேலிக்கம்பு வந்தது. கிளைகள் வந்தன.
குழந்தை வண்டியின் சக்கரம் ஒன்று வந்தது.
கடைசியில், நீரின் தொண்டையில் குறுக்காக நின்ற
போன தேர்தலின் பிளாஸ்டிக் பதாகை.
சேற்றைத் துடைத்தார்.
என் முகம்.
கண் திறந்துதான் இருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை மனிதர்.
அதையே முறம்போல் வளைத்துப் பிடித்து
சேற்றை அள்ளி அள்ளி வெளியே போட்டார்.
"உறுதியான சரக்கு" என்றார் சற்றுப் பொறுத்து.

இரண்டு மணிக்கு
கடகடவென்று ஒரு சத்தம், நீர் இறங்கிற்று.
ஆம் என்போர் இருவர்.
இல்லை என்போர் எவருமில்லை.

அப்போது எதிர்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.
யாரோ போனை உயர்த்தினார்கள்.
அவர் ஆட்கள் பார்த்தால்
அடுத்த பட்டியலில் அவர் பெயர் இருக்காது.
என் ஆட்கள் பார்த்தால் என் பெயர்.
யார் சொன்னதென்று நினைவில்லை,
டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில் நின்றோம்.
பூட்ஸுக்குள் நீர்.
அவர் மூச்சு வாங்குவது கேட்டது.
ஜன்னல் மூடும்வரை
இருவரும் அசையவில்லை.

காலை ஏழரை வானொலியில்
அவை கூடாததற்கு நாங்களே காரணம் என்றார் அவர்.
எட்டேகாலுக்கு
அவர்களே காரணம் என்றேன் நான்.
இரண்டு குரலிலும் சளி.

"தொண்டைக்கு என்ன?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்,
ஆறை எண்ணிப் பையில் போட்டபடி.

சும்மா, என்றேன்.