சொறி

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு.
பத்து பெரிங்கியில் இடுப்பளவுத் தண்ணீர்.
மூன்று இரவு வேலை முடிந்த உடம்பு
தானாகவே மிதக்கும். விட்டுவிட்டேன்.
கரையில் நோர்லைலா, கையில் பிசாங் கோரேங் பொட்டலம்.
கையை ஆட்டினாள்.
வா என்றாளா, போகாதே என்றாளா,
இன்றுவரை கேட்கவில்லை.

கெண்டைக்காலில் யாரோ
நனைந்த நூலைச் சுற்றினார்கள்.
முதலில் அவ்வளவுதான்.
பிறகு நூல் கம்பியானது,
கம்பியில் மின்சாரம் வந்தது.

கத்தினேனாம். சாமி பெயர் ஒன்றும் வரவில்லையாம்.
தொழிற்சாலையில் என் ஆள் எண்ணைச் சொன்னேனாம்,
ஐந்து இலக்கமும் பிசகாமல்.

மணல் போட்டுத் தேய் என்றார்கள்.
குழாய்த் தண்ணீர் ஊற்று என்றார்கள்.
மூத்திரம்தான் மருந்து என்று ஒருவர்
கால்சட்டை ஜிப்பில் கை வைத்து,
நோர்லைலா பார்த்த பார்வையில்
கையை எடுத்துக்கொண்டார்.

பாராசூட் கட்டிவிடும் ஸாம்ரி
வினிகர் போத்தலோடு ஓடிவந்தான்.
"ஜாங்ஙான் கோசோக்!"
தேய்க்காதே. தொடாதே.
கொட்டியது கொஞ்சம்தான்,
கொட்டாதது இன்னும் தோலில் படுத்திருக்கிறது,
ஆயிரம் சுருள் ஊசி, ஆளுக்கொரு சொட்டு விஷம்.
சத்தமாக முப்பதுவரை எண்ணி ஊற்றினான்.
சாத்தே குச்சியால் ஒவ்வோர் இழையாக எடுத்தான்.
வலியின் நடுவே எனக்குப் பசித்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம்
நெஞ்சில் ஒயர் ஒட்டி, திரையில் என்னைப் பார்த்தார்கள்.
இருபத்துநான்கு கண்ணாம் அதற்கு, பெட்டிபோல உடம்பாம்.
மூளை கிடையாது என்றார் டாக்டர், ஆறுதல்போல.
இருந்தும் எதிரே வருவது தெரிந்தால் ஒதுங்குமாம்.
அப்படியென்றால் நான் அன்று
எதிரே வந்த எதிலும் சேர்த்தி இல்லையா?

நோர்லைலா மொழியில் அம்பாய்-அம்பாய்.
சியூ பெங் மொழியில் தண்ணீரின் தாய்.
என் மொழியில் தேடினேன்: சொறி.
பெயரா அது, ஏவலா?

பதினோராம் நாள் புண் பேசத் தொடங்கியது.
பாயான் லெப்பாஸ், அதிகாலை இரண்டு மணி.
தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி,
கண் மட்டும் வெளியே.
மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை
நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டும் வேலை.
கால் சொல்கிறது: சொறி.
உறை போட்ட கை, பூட்டிய அங்கி.
சொறி, சொறி, சொறி.
ஸாம்ரி குரலை எடுத்துப் பதில் சொன்னேன்.
ஒரு கம்பி கோணியது. மற்றதெல்லாம் நேர்.
வரிசையாய், தரையில் சத்தமில்லாமல்
நாற்பது வெள்ளை உடம்புகள் நகர்ந்தோம்.

ஜனவரியில் சியூ பெங் கல்யாணம்,
ஆயர் ஈத்தாமில் விருந்து.
முதல் தட்டிலேயே வந்துவிட்டது,
குளிர்ந்து, பொன்னிறமாய், ரப்பர் வளையம்போல் நறுக்கி, எள் தூவி.
இது அந்த வகையில்லை, சாது என்றாள் பக்கத்து அத்தை,
என் காலைப் பார்க்காமலே.
மென்றேன். நறுக்கென்றது.
பழி வாங்கியதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
அதற்கென்று ஒரு ருசியும் இல்லை.
வினிகர் ருசிதான்.
இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

தழும்பு இப்போது பழுப்பு.
ஏணிபோல் குறுக்குக் கோடுகள், ஒன்பது.
மழைக்கு முன்னால் அரிக்கும்.

போன ஞாயிறு மறுபடி போனேன்.
பைக்குள் சொந்தமாய் ஒரு போத்தல்.
பஸ்ஸில் மூடி கசிந்து
ஊறுகாய்க்காரி என்று நினைத்து ஒரு பையன் இடம் மாறினான்.
முழங்கால்வரை இறங்கினேன்.
இரண்டடி தள்ளி, தண்ணீருக்குள்,
ஒளி ஊடுருவ, மெல்ல விரிந்து, மெல்லச் சுருங்கி
ஒன்று.

பிளாஸ்டிக் பையாகவும் இருக்கலாம்.
தெரியும்வரை
நிற்கிறேன்.