ஒரு பக்கம் பத்து ரூபா

வித்தியாலயம் வீதியில் என் கடை.
மேசை ஒன்று, மெஷின் ஒன்று.
நாலரைக்கு ரியூட்டரி விட்டால்
வாசலில் நாற்பது சைக்கிள்.

"அக்கா, ரெண்டு பக்கமும் போடுவீங்களா?"
போடுவேன்.
இணைந்த கணிதத்தின் முதுகில் இணைந்த கணிதம்.
இந்து நாகரிகத்தின் முதுகில்
தவறிப்போய் ஒருநாள் கணக்கீடு.

பதினொரு வருடம்.
திருகோணமலையில் யார் எதைப் படிக்கிறார்கள் என்று
என்னைக் கேளுங்கள்.

தாதிப் பயிற்சிக்குப் போகும் நிரோசினி
இதயத்தை நாலாய் வெட்டிய படத்தை நீட்டி
"கறுப்பு வெள்ளை போதும்" என்பாள்.
நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகி
எந்த இரத்தம் எங்கே போகிறதென்று
தெரியாமல் வெளியே வரும்.
அவளுக்குத் தெரியும்.

எமிலியன் தாள் எதுவும் கொண்டுவருவதில்லை.
சில்லறை மாற்ற வருவார்.
குடாப் பக்கம் திரும்பி நின்று
"தண்ணி இண்டைக்கு வேற நிறம்,
கீரி வந்திருக்கு" என்பார்.
நானும் எட்டிப் பார்ப்பேன்.
நேற்றைய அதே தண்ணி.

பிழைத்த தாளை வாசலில் வைத்தால்
கோட்டைப் பக்கத்து மான்கள் வரும்.
பௌதிகவியல் பகுதி இரண்டு முழுவதையும்
ஒரு பெண்மான்
அவசரமில்லாமல் மென்று முடித்தது.
சித்தியடைந்திருக்கும்.

மாதம் ஒருநாள் அருந்தவமலர்.
அதே கோப்பு, அதே கடிதங்கள்,
முறைப்பாட்டு இலக்கம்,
கிராம சேவகர் கையொப்பம்,
பாடசாலை விடுகைப் பத்திரம்:
இறுதியாகக் கற்ற வகுப்பு, தரம் பத்து.
"எத்தனை படி, அம்மா?"
"ஆறு."
காசு வேண்டாம் என்றால் தாளைத் தொடமாட்டார்.
படத்தில் அந்தப் பிள்ளை
தலைமயிரைப் படிய வாரியிருக்கிறான்.
படியிலிருந்து படி எடுக்க
ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் கறுக்கிறது.
"முதல் படம் இருந்தால் தாங்கோ,
தெளிவாய் வரும்" என்றேன் ஒருநாள்.
"இதுதான் முதல்" என்றார்.

படி என்றால் அளக்கிறது,
படி என்றால் ஏறுகிறது, சந்தையில் விலை படிகிறது.
கோயிலில் தேவாரம் பாடச் சொல்வதற்கும்
எங்கள் ஊரில்
"ஒண்டு படியன் பிள்ளை" என்போம்.
சாதாரண தரத்தில்
எனக்குக் கணிதம் டபிள்யூ.
இரண்டாம் தரமும் டபிள்யூ.
அதற்குப் பிறகு அந்தச் சொல்லோடு
இந்த ஒரு தொடர்புதான்:
பக்கம் பத்து ரூபா.

போன வெள்ளி கரண்ட் போனது.
கிண்ணியா முஃப்லிஹா மட்டும் போகவில்லை.
"நாளைக்குப் பேப்பர் கிளாஸ் அக்கா,
சேருட தாள் இது, இண்டைக்கே குடுக்கணும்."
கடைசி பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம்.
கடைப்படியில் குந்தி
கையால் எழுதத் தொடங்கினாள்.
ஃபோன் வெளிச்சத்தை இருவருக்கும் நடுவில் சாய்த்து
ஆறாம் கேள்வியிலிருந்து நான் எழுதினேன்.

மெஷினுக்குக் கண் இல்லை.
இத்தனை வருடம் எனக்கும்தான்.
எழுத்து எழுத்தாய்ப் போகும்போது
வசனம் கையைப் பிடித்து நிறுத்துகிறது.
ஓய்விலிருந்து புறப்படும் துணிக்கை ஒன்று,
என்று எழுதினேன்.
ஓய்விலிருந்து.

"ஏன் அக்கா நிப்பாட்டிட்டீங்க?"

"இது எங்க போகும்?"

"எது?"

"இந்தத் துணிக்கை."

தலை நிமிராமல் சொன்னாள்:
"அதைத்தான் அக்கா கேட்டிருக்கு."

கரண்ட் வந்தது.
மெஷின் சூடேற இரண்டு நிமிடம்,
நாலு பக்கம், நாற்பது ரூபா,
முந்தானையை இழுத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

என் எழுத்தில் இருந்த பாதித்தாளை
மானுக்கு வைக்கவில்லை.
எட்டாம் கேள்வி
இன்னும் வரவில்லை எனக்கு.